மழை லீவு முதல் மத்தாப்பு வரை... அக்டோபர் - டிசம்பரில் தொடக்கப் பள்ளிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 5.30 மணி. ராஜபாளையத்தில் இரவு முழுக்க மழை. மலைப்பக்கம் இன்னும் மேகம் விலகவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா மில்லில் இருந்து வந்து சேரவில்லை. அம்மாவின் கையில் செல்போன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து விழுகிறது: "மிஸ், இன்னிக்கு லீவா?"

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கும் இந்தக் காட்சி, அரையாண்டுத் தேர்வு வரை ஓயாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதம்தான் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டின் மிகவும் கலகலப்பான காலம். தீபாவளி, குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ் என வரிசையாகக் கொண்டாட்டம். பெற்றோருக்கோ அதிகம் தவிக்கும் காலமும் இதுதான். மழை, காய்ச்சல், பட்டாசு, இடையில் தேர்வு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களுக்கு இன்னும் சில கேள்விகள் கூடவே வரும். அக்டோபர் வந்தால் ஜெபமாலை சொல்கிறார்களே, எங்க பிள்ளையும் கலந்துக்கணுமா? காலை உணவு எங்க பள்ளிக்கு உண்டா, இல்லையா? இப்படி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இலையுதிர் காலமா, மழைக்காலமா?

பிள்ளைகளின் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் இந்த மாதங்களுக்குப் பெயர் 'ஆட்டம்'. தமிழில் இலையுதிர் காலம் என்று மொழிபெயர்ப்பார்கள். படத்தில் ஆரஞ்சு நிற இலை உதிர்ந்து கிடக்கும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பழந்தமிழர் பிரித்த ஆறு பருவங்களில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கூதிர்காலம். அதாவது குளிரும் மழையும் சேர்ந்த காலம். நம் பிள்ளைகளுக்குப் பொருந்துவது இந்தப் பெயர்தான்.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியையொட்டித் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்துக்குச் சராசரியாக 44 செ.மீ. மழை கிடைக்கிறது. ஆண்டு மழையில் இது கிட்டத்தட்ட பாதி. மூன்று மாதத்தில் பாதி மழை என்றால், பள்ளி நாட்காட்டியில் அதன் பாதிப்பு இல்லாமல் இருக்குமா?

இதே மாதங்களில் கத்தோலிக்கப் பள்ளிகளின் நாட்காட்டியும் நிரம்பியிருக்கும். அக்டோபர் மாதம் முழுவதும் ஜெபமாலை மாதம். அக்டோபர் 1 குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் திருநாள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி; அதே நாள் காவல் தூதர்கள் திருநாளும்கூட. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் 14 குழந்தைகள் தினம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். 2025இல் அது நவம்பர் 30 அன்று தொடங்கியது. இந்தப் பள்ளிகளில் பொதுவாகவே பல மதங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதால், ஆயுத பூஜையும் தீபாவளியும் இந்த வரிசையில் தானாகவே சேர்ந்துகொள்கின்றன.

மழை லீவு யார் கையில்?

முதல் கேள்விக்கு வருவோம். மழைக்காக விடுமுறை அறிவிக்கும் முடிவை எடுப்பவர் மாவட்ட ஆட்சியர். விருதுநகர் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், அது அரசுப் பள்ளிக்கும், உதவிபெறும் பள்ளிக்கும், தனியார் பள்ளிக்கும் பொருந்தும். சில சமயம் குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும் அறிவிப்பு வரும். சில சமயம் 5ஆம் வகுப்பு வரை மட்டும் லீவு இருக்கும். அதனால் 'விருதுநகர் லீவு' என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் திரும்பப் படுக்க வைக்கக்கூடாது. எந்த வட்டம், எந்த வகுப்பு வரை என்று முழுசாகப் படிக்கணும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளிலும் குழப்பம் உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் அது கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இந்த அளவுகளை எதிர்பார்த்து வானிலை ஆய்வு மையம் தருவதுதான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள். எச்சரிக்கை வந்துவிட்டது என்பதாலேயே லீவு என்று அர்த்தம் இல்லை. ஆட்சியரின் அறிவிப்பு தனியாக வர வேண்டும்.

போன வருஷம் வந்த லீவு அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டை இந்த வருஷம் குரூப்பில் போடுவது இன்னொரு தலைவலி. தேதியைப் பார்க்காமல் ஃபார்வர்டு செய்வதால், ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வராமல் போகும் நாட்களும் உண்டு. மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வ சமூக வலைதளப் பக்கம், மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலக அறிவிப்பு, பள்ளியில் இருந்து நேரடியாக வரும் தகவல் ஆகிய மூன்றை மட்டும் நம்பினால் போதும்.

சரி, லீவு விடவில்லை, ஆனால் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்றால்? பிள்ளையை அனுப்ப வேண்டாம். வகுப்பு ஆசிரியருக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டால் போதும். வருகைப் பதிவேட்டைவிட பிள்ளையின் பாதுகாப்பு முக்கியம். மழை லீவுக்கு ஈடாகப் பின்னால் சனிக்கிழமைகளில் பள்ளி நடக்க வாய்ப்புண்டு. அந்தச் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகத் திட்டம் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

காலை உணவு எங்க பள்ளிக்கு உண்டா?

மழை நாளில் காலை அடுப்பு பற்றவைக்கவே தாமதமாகும் வீடுகளில், பள்ளியில் கிடைக்கும் சூடான பொங்கலும் கிச்சடியும் பெரிய ஆறுதல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் அது அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும்தான். திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகள், பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் சாப்பாடு போடுவதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

இந்த நிலை இரண்டு கட்டமாக மாறியது. 2024 ஜூலை 15 அன்று, காமராஜர் பிறந்தநாளில், ஊரகப் பகுதிகளில் உள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குத் திட்டம் விரிவானது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் அந்தத் தொடக்க விழா நடந்தது. அடுத்து 2025 ஆகஸ்ட் 26 அன்று, நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. இதில் 2,429 பள்ளிகளும் 3.06 லட்சம் பிள்ளைகளும் அடக்கம். இரண்டு விழாக்களும் கத்தோலிக்கப் பள்ளிகளில்தான் நடந்தன. 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த காமராஜரின் சொந்த மாவட்டம் விருதுநகர் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே சுற்றுச்சுவருக்குள் அரசு உதவிபெறும் தமிழ் வழித் தொடக்கப் பள்ளியும், சுயநிதி ஆங்கில வழிப் பள்ளியும் இருப்பது பல ஊர்களில் சாதாரணம். ஒரே சிஸ்டர், ஒரே மைதானம், ஒரே மணிச் சத்தம் என்றாலும் சட்டப்படி அவை இரண்டு வகை. இலவசப் பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு எல்லாம் உதவிபெறும் பிரிவுக்குத்தான். சேர்க்கையின்போதே, "இது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பள்ளியில் சாப்பிடுகிறது என்பதற்காக வீட்டில் வெறும் வயிற்றோடு ஓட விரட்டவும் வேண்டாம். பள்ளிக்குக் கொஞ்சம் முன்னதாக அனுப்பணும். சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கத்தை வீட்டிலேயே பழக்கணும். பிள்ளை சாப்பிடாமல் திரும்பினால், "ஏன் சாப்பிடல?" என்று அதட்டாமல், "என்ன போட்டாங்க, யார்கூட உட்கார்ந்த?" என்று பேச்சுக் கொடுத்தால் காரணம் தானாக வெளியே வரும்.

ஜெபமாலை நேரத்தில் மற்ற மதப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் பலரும் கேட்க நினைத்து, கேட்காமலே எழுந்து வரும் கேள்வி இது. கேட்டால் சிஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம் ஒரு பக்கம். பிள்ளை வீட்டுக்கு வந்து சிலுவை அடையாளம் போட்டால் தாத்தா, பாட்டி என்ன சொல்வார்களோ என்ற கவலை இன்னொரு பக்கம்.

அரசியலமைப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிரிவு 30(1) சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதனால் பள்ளியில் ஜெபம் நடப்பது சட்டப்படி தவறில்லை. அதே சமயம் பிரிவு 28(3) மாணவர் பக்கம் நிற்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரும், சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கத் தேவையில்லை. படிப்பவர் சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளி ஜெபம் நடத்தலாம், உங்கள் பிள்ளை அதில் சேருவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வழக்கும் உண்டு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காகப் பள்ளியில் இருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்து, திரும்பச் சேர்க்கச் சொன்னது. மனசாட்சிக்கு விரோதமாகப் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமயச் சுதந்திர அறிக்கையில், நம்பிக்கையை யார் மேலும் திணிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று தனித்தனியாக நடத்தும் வழக்கம் இந்தப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? தலைமையாசிரியரை நேரில் பார்த்து, "எங்க பிள்ளை அமைதியா உட்கார்ந்திருக்கட்டும், ஜெபம் சொல்ல வேண்டாம்" என்று சொன்னாலே போதும். தேவைப்பட்டால் எழுதிக் கொடுக்கலாம். கலந்துகொள்ளட்டும், பரவாயில்லை என்று நினைத்தால் அதுவும் உங்கள் விருப்பம்தான். எதுவானாலும் பிள்ளையிடம் மற்ற மதத்தைக் கேலி செய்து பேசக் கூடாது. பக்கத்துப் பெஞ்ச் தோழியின் வீட்டுக் கடவுளைப் பற்றி வீட்டில் கேட்ட வார்த்தை, மறுநாள் இடைவேளையில் அப்படியே அந்தத் தோழியின் காதில் விழும்.

தீபாவளி: சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பதால் வரும் தைரியம்

2025இல் தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. நாடு முழுக்க வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் தயாராவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சிவகாசி பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். உறவினரில் ஒருவராவது பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பார். அதனாலேயே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாசு என்றால் பயம் குறைவு. ஆனால் ஆலை விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் மருந்தின் வேகம் என்ன என்று இந்த மாவட்டத்துக்குத்தான் முதலில் தெரிகிறது. தைரியம் இருக்கலாம், அலட்சியம் கூடாது.

நேரம்: 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தமிழகத்தில் தீபாவளி அன்று காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என இரண்டு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்க அனுமதி. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், வழிபாட்டுத் தலங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

மத்தாப்பு: 'கம்பி மத்தாப்புதானே' என்று நான்கு வயசுப் பிள்ளை கையில் கொடுப்பதுதான் முதல் தவறு. எரியும் கம்பியின் நுனி 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். எரிந்து முடிந்த கம்பி வெளியே கறுப்பாகத் தெரிந்தாலும் சூடு போகாது. கீழே போட்ட கம்பியைப் பிள்ளைகள் வெறுங்காலில் மிதிப்பது தீபாவளிக் காயங்களில் வழக்கமான ஒன்று. ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை உடனே அதில் போடச் சொல்லுங்கள்.

பாம்பு மாத்திரை: சத்தம் இல்லை, பொறி இல்லை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் பட்டாசுப் புகையை அளந்து புனேயில் நடந்த ஆய்வில், நுண்துகள் மிக அதிகமாக வெளிவந்தது பாம்பு மாத்திரையில் இருந்துதான். பிள்ளை குனிந்து பக்கத்தில் இருந்து பார்ப்பதால் புகை நேராக மூக்குக்குப் போகிறது. வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

தீக்காயம் பட்டால்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ நேராக மருத்துவமனைதான். கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது. வெடிக்காத பட்டாசைத் திரும்பப் பற்றவைக்கப் போகும்போதுதான் கண்ணில் அடிபடுகிறது. அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவசரத்துக்கு 108.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையலாமா?

மழை நின்று ஒரு வாரத்தில் வகுப்பில் காலி இடங்கள் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலானவை சாதாரண வைரஸ் காய்ச்சல். ஆனால் டெங்குவை மனதில் வைத்தே ஒவ்வொரு காய்ச்சலையும் பார்க்க வேண்டிய மாதங்கள் இவை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குடிநீர் சில நாட்களுக்கு ஒரு முறை வரும் தெருக்களில் டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைப்பதைத் தவிர்க்க முடியாது. அந்த டிரம்தான் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் காலி செய்தால் அந்தச் சுழற்சி உடைந்துவிடும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாரால் தேய்த்துக் கழுவணும். பிறகு மூடி போட்டோ, துணியால் கட்டியோ வைக்கணும்.

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. பிள்ளை பகலில் இருப்பது பள்ளியில். எனவே பள்ளித் தொட்டி மூடியிருக்கிறதா, மாடியில் உடைந்த பெஞ்ச், பழைய டயர் கிடக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. இந்த மாதங்களில் முழுக்கைச் சட்டை அணிய அனுமதி கேட்கலாம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது. மூன்றாவது நாளில் இருந்து ஏழாவது நாளுக்குள் உடம்பு குளிர்ந்ததும், "சரியாயிடுச்சு" என்று யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அசதி, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கும் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம். பாராசிட்டமால்கூட பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்னபடிதான் தரவேண்டும்.

காய்ச்சல் மருந்தில்லாமல் விட்டு முழுசாக ஒரு நாள் ஆன பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள். 'அட்டெண்டன்ஸ் பரிசு' போய்விடுமே என்று காய்ச்சலோடு அனுப்பினால், பக்கத்தில் உட்காரும் பிள்ளையும் படுத்துவிடும்.

மலையடிவார வீடுகளில் இன்னொரு பழக்கமும் தேவை. மழைக்கு ஒதுங்கும் பாம்பும் தேளும் வாசலில் கழற்றிப் போட்ட ஷூவுக்குள் போகலாம். தினமும் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டு மாட்டப் பழக்குங்கள்.

செண்பகத்தோப்புக்குப் போகலாமா?

லீவு விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் இடங்கள் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பும்தான். 1988இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பிள்ளைகள் இயற்கையை நேரில் பார்த்துக் கற்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஆனால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்த ஆறுகளில் இறங்குவது ஆபத்து. ஊரில் வெயில் அடிக்கும்போதே மலைக்கு மேல் மழை பெய்திருக்கும். சில நிமிடங்களில் வெள்ளம் இறங்கிவிடும். வனத்துறை தடை விதித்திருந்தால், "பக்கத்துலதான், கால் மட்டும் நனைச்சுட்டு வரலாம்" என்று போக வேண்டாம்.

காட்டுக்குப் போகாமலே செய்ய வீட்டில் நிறைய உண்டு. ஒரு டம்ளரை மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலையில் ஸ்கேலால் மழையை அளந்து நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கணக்கும் அறிவியலும் ஒரே டம்ளரில் வந்துவிடும். மழைக்குப் பிறகு தெருவில் முளைக்கும் செடிகளின் பெயரைப் பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். வேப்பிலை, முருங்கையிலை, புங்க இலை ஒட்டிய நோட்டு, கடையில் வாங்கிய மேப்பிள் இலைப் படத்தைவிட நம் பிள்ளைக்கு நெருக்கமானது.

குழந்தைகள் தினம்: வேஷம் வாடகைக்கா?

நவம்பர் 14க்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த பரபரப்பு மாறுவேடப் போட்டி. கூடவே நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் விழாவும் வருகிறது. அமெரிக்காவில் உள்ள கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அன்று பிள்ளைகள் புனிதர்கள் போல உடுத்தி வருவது வழக்கம். இங்கே புனித தெரேசாள் வேடத்துக்குப் பக்கத்தில் ஆண்டாள், பாரதியார், நேரு, காமராஜர் எல்லாரும் ஒரே மேடையில் நிற்பார்கள்.

வாடகைக் கடைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவின் பழைய பட்டுப்பாவாடை, அப்பாவின் வேட்டி, ஒரு செம்பருத்தி போதும். இந்த மண்ணின் வேலையே பிள்ளைக்கு நல்ல வேடம் ஆகும்: பால்கோவா கிண்டுபவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர், மில் தொழிலாளி. அப்பா செய்யும் வேலையை மேடையில் கைதட்டி வரவேற்பதைப் பார்த்த பிள்ளை, அப்பாவின் வேலையைச் சொல்லக் கூச்சப்படாது. செலவு அதிகமாகும் போட்டிகளை வேண்டாம் என்று பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் சொல்வதும் சரியானதே.

ரேங்க் கேட்காதீங்க, இதைக் கேளுங்க

காலாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி பெரும்பாலும், "பக்கத்துல இருக்கவ எவ்வளவு?" என்பதுதான். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் மூன்று உண்டு. பிள்ளை தன் வகுப்புப் பாடத்தைத் தானாக வாசிக்கிறதா? வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறதா? எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விரல் இல்லாமல் முடிகிறதா?

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்றுத்தருகிறார்கள். உங்கள் பள்ளியில் இந்தப் பெயர்கள் இல்லாவிட்டாலும், "எங்க பிள்ளை எந்த நிலையில வாசிக்குது மிஸ்?" என்று கேட்கலாம். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை இப்போது கவனித்தால், அரையாண்டுக்குள் நிறைய மாற்ற முடியும். ஐந்தாம் வகுப்பில் கவனித்தால் மேடு ஏறுவது கஷ்டம். தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வைத்தால் போதும். வாசிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை. "நீ வாசி, நான் கதை கேக்குறேன்" என்று சொல்லலாம்.

மில் ஷிஃப்ட்டிலும் ஆலையிலும் இருக்கும் பெற்றோருக்கு மீட்டிங் நேரம் ஒத்துவராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு மணி நேரம் விட்டு வருவது என்றால் சம்பளத்தில் கை வைக்கும். அப்படிப்பட்டவர்கள் வரவில்லை என்றால் அக்கறை இல்லாதவர்கள் என்று நினைக்கக் கூடாது. காலையில் பிள்ளையை விடும்போது ஐந்து நிமிடம் பேசலாம், டைரியில் எழுதிக் கேட்கலாம், சித்தியையோ தாத்தாவையோ அனுப்பலாம். பள்ளிகளும் ஆண்டுக்கு ஒரு மீட்டிங்கையாவது மாலையிலோ ஞாயிறிலோ வைத்தால் பாதிப் பெற்றோர் கூடுதலாக வருவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, சிறுபான்மைப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான் உண்டு. ஆனால் நேரத்தை மாற்றச் சொல்ல அந்த அதிகாரமே போதும்.

செல்போனில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகம், புகார் 14417. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. அறுந்த மின்கம்பி, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987.

இவற்றில் 1098 மட்டும் பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கணும். அப்பா, அம்மா இருவரில் ஒருவரின் செல் எண்ணும் அப்படியே. மழையில் வேன் நின்றுபோய், டிரைவர் அண்ணனின் போனில் சார்ஜ் இல்லாத சாயங்காலத்தில், பிள்ளை கடைக்காரரிடம் சொல்லப்போவது அந்தப் பத்து இலக்கத்தைத்தான். இன்று ராத்திரி சாப்பிடும்போதே ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.